முலாஞ்சே மலைச் சீடர் மரமும் நாற்றுக் கணக்கும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்கிழக்கே மலாவி தேசத்தில் முலாஞ்சே என்னும் கற்பாறை மலை 9,800 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அம்மலையிலன்றி வேறெங்கும் இயற்கையாய் வளராத ஊசியிலை மரமொன்றுண்டு. சீடர் என வழங்கப்படினும் இது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததாகும். 1891ம் வருஷத்தில் இதைச் சேகரித்த அலெக்ஸாண்டர் ஒயிட் என்பவரின் பெயரே இதன் சாஸ்திரப் பெயரிலும் அமைந்துள்ளது. 1984ல் இது மலாவியின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது.

இதன் கட்டை நறுமணமுடையது. கறையானும் பூஞ்சணமும் எளிதில் அண்டா. இக்குணமே இதற்கு விரோதமாயிற்று. படகுக்கும் வீட்டுக்கும் வேண்டி, மலைமேலேயே மரத்தை வெட்டி அறுத்துப் பலகைகளைத் தலைச்சுமையாய் இறக்கி வந்தனர். போதாக்குறைக்கு, 1986ல் சைப்ரஸ் அசுவினிப் பூச்சி மலாவியில் தோன்றிற்று. இன்று இம்மரம் அழிவின் விளிம்பிலுள்ளவற்றின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டுள்ளது.

2016 முதல் மலையடிவாரக் கிராமத்தார் நாற்றங்கால் அமைத்து நாற்று வளர்த்து, மலைமேல் நட்டு வருகின்றனர். இது மெச்சத்தக்கதே. எனினும், நட்ட நாற்றின் தொகையைக் கொண்டு காரியத்தின் பலனை அளவிடுதல் பொருந்தாது. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்ப்பதில்லை, விதையொன்றே வழி. நெருப்பால் வெளியான நிலத்தில் விதை நன்கு முளைக்கும். ஆயின் அவ்விளங்கன்று காய்க்கும் பருவத்தை எட்டுமுன் மறுமுறை தீ பரவினால் முற்றும் கருகிவிடும். வேட்டைக்காகவும் பிற காரணங்களாலும் மூட்டப்படும் தீ அடிக்கடி வருமாயின், எத்தனை நாற்று நடினும் வீணே.

ஆகவே, நடுவதற்குக் கூலி கொடுப்பதுடன் நில்லாது, உயிரோடு நிற்கும் கன்றுக்கும் வருஷந்தோறும் கூலி கொடுத்தல் அவசியம். தீத்தடுப்புப் பாதையைச் செதுக்கிக் காப்பதும், அயல்நாட்டுப் பைன் கன்றுகளைக் களைவதும் அக்கூலியில் அடங்கவேண்டும். இதற்குச் செலவு மிகும் என்பர் சிலர். மெய்யே, ஆயினும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடுவது அதனினும் பெருஞ்செலவாகும். மேலும், வெட்டினால் இன்றே காசு, காத்தால் ஒன்றுமில்லை என்னும் நிலையில் ஏழைக் குடியானவன் மரத்தைக் காப்பானென எதிர்பார்த்தல் நியாயமன்று.

நட்ட வருஷத்துக் கணக்கைவிட, ஐந்தாம் வருஷத்தில் பிழைத்து நிற்கும் கன்றுகளின் கணக்கே உண்மைக் கணக்காகும்.