ஓராண்டு உரிமத்தில் மண் திருந்தாது: சிறுபயிர் நிலம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கிளாங் வட்டாரத்தில் ஆற்றோர ஒதுக்கு நிலத்திலும் உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியிலும் கீரை, மரவள்ளி, வாழை போட்டு வயிறு கழுவும் குடும்பங்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டு குத்தகை வேண்டும். பண்டமாரானிலிருந்து சிலாங்கூர் மாநில அரசிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை இதுதான்.

1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, இவர்களுக்குக் கிடைக்கும் தற்காலிக நில உரிமம் அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-ஐத் தாண்டாது. பிள்ளை பேருக்கு மாற்றவும் முடியாது. உரிமக்காரர் கண்ணை மூடினால் உரிமமும் அன்றே முடிந்தது. அதே சட்டம், சில நிபந்தனைகளோடு, ஒதுக்கு நிலத்தை 21 ஆண்டுவரை குத்தகைக்கு விடவும் இடம் தருகிறது. ஆகவே சட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை. இருக்கும் வழியைத் திறந்துவிடச் சொல்கிறோம்.

இந்தக் கரையோர மண் களிமண். பல இடங்களில் புளிப்பு மண். வாய்க்கால் வெட்டி, மேட்டுப்பாத்தி போட்டு, சுண்ணாம்பு தூவி, மாட்டுச் சாணம் கலந்து வந்தால் சில பருவம் கழித்துத்தான் பதத்துக்கு வரும். சிறுகீரை மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கறிவேப்பிலை கொத்தாக ஒடிக்கத் தழைப்பதற்கு ஓராண்டுக்கு மேலாகும். டிசம்பருக்குப் பிறகு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எந்தத் தைரியத்தில் சுண்ணாம்புக்குக் காசு போடுவார்? சிறுவிவசாயியிடம் விளைச்சல் போதவில்லை என்று குறை சொல்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காதபோது தோட்டத்துச் சனத்தைக் காப்பாற்றியது மரவள்ளி. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கினார்கள். பின்னாளில் கிளாங் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது, லயத்தோடு லயத்துக் கொல்லையும் போயிற்று. அந்தக் கொல்லையின் மிச்சம்தான் இன்று மின்கம்பிக்கு அடியில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கேமரன் மலையில் காய்கறியை ஏற்றி அனுப்ப முடியாமல் கொட்டினார்கள். பக்கத்திலேயே விளைவது எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தூர்வாரும் இயந்திரம் போக வழிவிட்டே பயிர் வைப்போம். திறந்தவெளியில் தீ வைக்கமாட்டோம். இரண்டையும் குத்தகை நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளட்டும். பொதுத் தேவைக்கு நிலத்தைத் திரும்ப எடுத்தால், நிற்கும் பயிர் அறுவடையாகும்வரை அவகாசமும், வாழை, முருங்கை போன்றவற்றுக்கு இழப்பீடும், கிளாங் மாவட்டத்துக்குள்ளேயே மாற்று நிலமும் தர வேண்டும்.