‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்பவர்களுக்கு

“குடியை விடணும்னா மனசு வெக்கணும். நாலு பேர் கூடிப் பேசுற மீட்டிங்குக்குப் போய் என்ன ஆகப் போகுது?” செங்கல்பட்டு டீக்கடையிலும் மாமல்லபுரம் குப்பத்திலும் குடிநோயாளிக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உதவி தேடிக் கிளம்பியவரையும் இந்தப் பேச்சு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘மனசு வெச்சாப் போதும்’

பட்டறையில் காலையில் உளி பிடிக்கிற ஒருவரின் கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போடுகிறார், கை நிற்கிறது. அந்த ஒரு கட்டிங்கோடு அவரும் நிற்பதில்லை. இந்த நிலைக்கு வந்தவரின் உடம்பே மதுவைக் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுச் சார்புக்குத் தனி இடம் உண்டு. சர்க்கரை நோயாளியிடம் மனசு வை என்று சொல்லி யாரும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை.

நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தும்கூட. முதல் சில நாட்களிலேயே வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று கிடையாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் வருகிற நெடிய வருடங்களுக்கான துணை அது.

‘மாலை போட்டா நிறுத்துறானே, அது மனசுதானே?’

மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் மாலை போடுகிறவர்கள் விரத நாட்களில் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் தனியாகவா இருந்தார்கள்? குருசாமி இருந்தார், கூட்டு வழிபாடு இருந்தது, ஊரே ‘சாமி’ என்றும் ‘சக்தி’ என்றும் மரியாதையாகக் கூப்பிட்டது. மாலையைக் கழற்றியதும் அந்தத் துணை கலைகிறது. பலர் அன்றைக்கே கடைக்குப் போய்விடுகிறார்கள். இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர்கள் கதையும் இதுதான். இவர்களுக்கு மனசு இல்லாமல் போகவில்லை. துணைதான் பாதியில் நின்றுபோனது.

‘பேசினா குடி போயிடுமா?’

இந்தக் கூட்டங்கள் பிறந்ததே ஒரு பேச்சில்தான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்த பங்குத்தரகர் பில் வில்சன், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அந்த ஆண்டு ஜூன் 10, பாப் கடைசியாகக் குடித்த நாள், அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. இந்தியாவில் இது 1957இல் வேரூன்றியது.

பலன் உண்டா என்ற கேள்விக்கு 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பதில் சொல்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பு அது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க, ஏ.ஏ.வுக்கு வழிகாட்டும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாமல், பல அளவீடுகளில் கூடுதலாகவே உதவியது என்பது அதன் முடிவு.

‘ஊருக்குத் தெரிஞ்சா மானம் போகும்’

தெருவில் விழுந்து கிடந்தது ஊருக்குத் தெரியும். கூட்டத்துக்குப் போவதுதான் தெரியாமல் இருக்கும். அங்கே முகவரி கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குகிறார். சம்பளக் கவரோடு கடைக்குப் போனது, பெண்சாதி தாலியை அடகு வைத்தது எல்லாவற்றையும் சொல்கிறார். யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. பேச மனமில்லாதவர் கேட்டுவிட்டு வரலாம்.

‘அது மதம் மாத்துற கூட்டம்’

சில ஊர்களில் சர்ச் கூடத்தில் நடப்பதால் வந்த சந்தேகம் இது. இடம் கிடைத்தது என்பதைத் தவிர அதில் வேறு காரணம் இல்லை. ஏ.ஏ. எந்த மதத்தையும் கட்சியையும் சேர்ந்ததல்ல. அவர்கள் ‘மேலான சக்தி’ என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாதவரும் வரலாம்.

‘நம்ம பக்கம் எங்கே இருக்கு?’

எல்லா ஊரிலும் எல்லா நாளும் கூட்டம் நடப்பதில்லை. இடமும் நேரமும் மாறும். ஏ.ஏ. உதவி எண்ணில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. போக முடியாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்களும் உண்டு. சிகிச்சைக்கு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன.

நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார் என்று, மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் சொன்னது. மீதி 37 பேருக்கும் ‘மனசு வை’ என்று ஏற்கெனவே ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது. இனி உங்கள் வீட்டில் ஒருவர் ‘மீட்டிங் போகலாமா’ என்று கேட்டால், மறுபேச்சுப் பேசாதீர்கள். 14446 என்ற கட்டணமில்லா தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழைத்துக் கொடுங்கள். முதல் நாள் வாசல்வரை கூடவே போங்கள்.