அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தது யார்?

"கருணையுள்ள கனவான்கள் கூடினார்கள், சட்டம் போட்டார்கள், அடிமைத்தனம் ஒழிந்தது." நெடுங்காலமாக நம் காதில் ஓதப்பட்டு வரும் கதை இது. சவுக்கைப் பிடித்த கையிலே ஒருநாள் இரக்கம் சுரந்ததாம்! பூட்டிய விலங்கை அதே கை அவிழ்த்துவிட்டதாம்!

தோழர்களே! இது வடிகட்டின புரட்டு. இந்தப் புரட்டுக்கு எதிராக 41 சித்திரங்கள் சாட்சி சொல்கின்றன. அவற்றைத் தீட்டியவர் ஜேக்கப் லாரன்ஸ் (1917-2000) என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர். தீட்டி முடித்த ஆண்டு 1938.

சலவைக்கூடத்திலிருந்து வந்த ஓவியர்

நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர் லாரன்ஸ். தாயார் பிறர் வீட்டில் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். மகன் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, சலவைக்கூடத்திலும் அச்சுக்கூடத்திலும் உழைத்தார். நூலகத்தில் உட்கார்ந்து தம் மக்களின் சரித்திரத்தைத் தேடிப் படித்தார். அந்தச் சரித்திரத்திலே அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்ட பெயர் தூசான் லூவெர்த்தூர். ஹைத்தித் தீவின் அடிமைகளைப் போர்க்களத்தில் நடத்திச் சென்ற தளபதி!

அந்த ஹைத்தியை 1915 முதல் 1934 வரை அமெரிக்கத் துருப்புகள் காலடியில் வைத்திருந்தன. அவை வெளியேறி நாலே ஆண்டில், அமெரிக்க மண்ணிலேயே அந்தத் தீவின் வீரத்தை வரைந்தார் இந்த இளைஞர்.

ஒரே படத்தில் இந்தக் கதை அடங்காது என்று கண்டார். ஆகவே 41 காகிதங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடிய நீளம். கீழே இரண்டொரு வரி விளக்கம். மாளிகைச் சுவரில் மாட்டுகிற ராஜா ராணி படங்கள் அல்ல இவை. எழுத்தறியாதவரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் கதை விளங்கிவிடும்.

முதல் 5 படங்களில் தலைவர் இல்லை

இந்த வரிசையில் ஒரு பெரிய உண்மை பொதிந்திருக்கிறது. முதல் படத்தில் வருகிறவர் கொலம்பஸ், ஆண்டு 1492. பிறகு பூர்வகுடிகள் பட்ட கொடுமை, ஸ்பெயினும் பிரான்சும் தீவைப் பங்கு போட்டது, ஆப்பிரிக்க மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து விற்றது. ஆறாவது படத்தில்தான் தூசான் பிறக்கிறார். பிறந்த குழந்தை கேட்டது சவுக்கின் ஓசை. கண்டது அடிமைகளின் முதுகில் வழிந்த ரத்தம்.

தலைவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. கொடுமை முதலில் வந்தது. கோபம் பிறகு வந்தது. தலைவர் அதற்கும் பிறகுதான் வந்தார்!

கணக்கைப் பாருங்கள். 1789-இல் அந்தப் பிரெஞ்சுக் காலனியில் சுமார் 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர் சுமார் 30,000 பேர். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்து போயிற்று. சர்க்கரையும் மலைமலையாகப் போயிற்று. பிரபுக்களின் கோப்பையிலே இனிப்பு. கரும்புத் தோட்டத்திலே மரணம். செத்தவனுக்குப் பதிலாகப் புதிய அடிமையை வாங்குவது, இருப்பவனுக்குச் சோறு போட்டுக் காப்பதைவிட லாபம் என்று கணக்குப் போட்டார்கள் முதலாளிகள்.

1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளி தீப்பற்றி எரிந்தது. அன்று கலகத்தைத் தொடங்கியவர் தூசான் அல்ல, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான அடிமைகள். வண்டியோட்டியாக வேலை பார்த்த தூசான் பிறகுதான் வந்து சேர்ந்தார். போரிலே தளபதியாக வளர்ந்தார். 1793-இல் அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி விடுதலையை அறிவித்தார். 1794-இல் பாரிஸ் சபை சட்டம் செய்தது. கருணையாலா? கலகத்தை அடக்க முடியவில்லை. பிரிட்டனும் ஸ்பெயினும் படையெடுத்து நின்றன. துப்பாக்கி பிடிக்க அடிமைகளின் கை தேவைப்பட்டது! களத்திலே வென்றதைத்தான் காகிதத்திலே எழுதினார்கள்.

தலைவரின் தவறு

தூசான் ஆட்சியில் நாடு செழித்தது, விவசாயம் பெருகியது என்று சித்திர வரிசை சொல்கிறது. அந்தச் செழிப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஏற்றுமதி குறையக்கூடாது என்று, விடுதலை பெற்ற உழைப்பாளிகளை ராணுவக் கட்டுப்பாட்டில் அதே தோட்டங்களுக்கு அவர் திருப்பி அனுப்பினார். 1801-இல் அவர்கள் மீண்டும் எழுந்தபோது அதை ஒடுக்கினார். உழைப்பாளிகளிடம் அனுதாபம் காட்டிய தளபதி மோயீஸ், தூசானுக்கு மருமகன் முறை. அவரையே சுட்டுக் கொல்ல வைத்தார். மாவீரர்தான், ஆனாலும் தன்னைத் தூக்கி நிறுத்திய மக்களிடமிருந்து ஒரு அடி விலகினார். மறுவருஷம் நெப்போலியனின் படை வந்து இறங்கியபோது, அந்த ஒரு அடி பள்ளமாகிவிட்டது.

பிடித்தால் முடிந்ததா?

1802-இல் பேச்சுவார்த்தை என்று அழைத்து தூசானைப் பிடித்தான் பிரெஞ்சுத் தளபதி லெக்லேர். நாலா பக்கமும் நீண்ட வாள்களுக்கு நடுவே தூசானை வைத்து அந்த வஞ்சகத்தை வரைந்திருக்கிறார் லாரன்ஸ். தலைவரை உள்ளே தள்ளினால் கூட்டம் கலைந்துவிடும்! எல்லா எஜமானர்களும் போடுகிற அதே கணக்கு. மில் வாசலில் நின்றவர்களுக்கும் கூலி உயர்வு கேட்டவர்களுக்கும் இந்தக் கணக்குப் புதிதல்ல.

1803 ஏப்ரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் தூசான் மாண்டார். அது 39-ஆவது படம். கதை அங்கே முடியவில்லை! அடிமைத்தனம் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் மக்கள் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். 1803 நவம்பரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 40-ஆவது படத்தில், 1804 ஜனவரி 1-இல், சுதந்திரப் பிரகடனம். தலைவர் இல்லாத வெற்றி! 41-ஆவது படத்தில் தளபதி தெசலீன் சக்கரவர்த்தியாக முடிசூடுகிறார். மகுடத்துக்கு நாம் கைதட்ட வேண்டியதில்லை. விலங்கை உடைத்த கைகளுக்குத்தான் நம் வணக்கம்.

வரையப்படாத 42-ஆவது படம்

1825-இல் பிரெஞ்சு மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பினான். "சுதந்திரத்தை அங்கீகரிக்க வேண்டுமா? எங்கள் தோட்டக்காரர்களின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் கொடு!" நஷ்டம் என்றால் என்ன? பறிபோன நிலம் மட்டுமல்ல, விடுதலையான மனிதர்களும்தான்! திருடனுக்குப் பறிகொடுத்தவன் நஷ்டஈடு கட்டினான். தொகை 1838-இல் 9 கோடியாகக் குறைந்தது. ஆனால் அதைக் கட்ட வாங்கிய கடன், கடனை அடைக்க வாங்கிய கடன் என்று 1947 வரை அந்த ஏழை நாட்டின் ரத்தத்தை வங்கிகள் உறிஞ்சின.

2025 ஏப்ரலில், சரியாக 200 வருஷம் கழித்து, இந்தக் கணக்கை ஆராயச் சரித்திர ஆசிரியர்களின் குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு ஜனாதிபதி அறிவித்தார். வசூலிக்கப் போனபோது குழு இல்லை, கப்பல்தான் போயிற்று. திருப்பிக் கொடுக்கும் பேச்சு வந்தால் மட்டும் குழுவா?

அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தது யார் என்று இனி யாராவது கேட்டால் சொல்லுங்கள்: யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதற்கும் அவர்களிடமே விலை வசூலித்தார்கள். அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை!