கடல் காணப் புறப்படும் முன்

 

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. இதுவரை கடலைக் கண்டதில்லை. அவருடைய மாமியாருக்கு அறுபதைக் கடந்துவிட்டது. அவரும் கண்டதில்லை. பத்து வயது மகன் கைபேசியில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரக் கடற்கரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம் எப்போது கடலுக்குப் போவோம்?" என்று நாள்தோறும் கேட்கிறானாம். கணவரோ அதே படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் கடற்கரை என்றால் முஸ்லிம் குடும்பத்துக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டாராம். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறார் சகோதரி. கடிதத்தின் கடைசியில், பெருமையாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "என் மகன் எங்கள் கிணற்றில் மீன்போல நீந்துவான். ஆகையால் பயமில்லை."

முதற் கேள்வியைவிட இந்தக் கடைசி வரியே என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் தங்கள் கணவரின் தயக்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ரியோவின் கோபகபானா கடற்கரையில் மக்கள் உடுத்தும் உடை நம் மானவுணர்வுக்கு ஏற்புடையதன்று. ஆனால் சகோதரி, அந்த உடைக்குக் கடல் பொறுப்பாகுமா? சென்னை மெரினாவில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். புர்கா அணிந்த தாய்மார்களும், கண்டாங்கிச் சேலை கட்டிய பாட்டிகளும், பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் ஒரே மணலில் அமர்ந்து பட்டாணிச் சுண்டல் தின்றுகொண்டிருப்பார்கள். பூமியில் பயணம் செய்து இறைவனின் படைப்பைக் காணுமாறு திருக்குர்ஆன் பலமுறை தூண்டுகிறது. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. மனைவி மக்களுடன் மகிழ்ந்திருப்பது மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. தங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். சண்டையாக அல்ல, உணவு பரிமாறும் நேரத்தில் சொல்லுங்கள்.

ரியோ என்றதும் அவருக்கு இன்னொரு செய்தியையும் சொல்லலாம். கோர்கோவாடோ மலைமீது 1931இல் எழுப்பப்பட்ட ஏசு சிலையையும், கடலோரக் கேளிக்கைகளையும் மட்டுமே அந்நகரின் அடையாளங்களாக நாம் அறிந்திருக்கிறோம். 1865இல் இஸ்தான்பூலிலிருந்து பஸ்ராவுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லப் புறப்பட்ட உதுமானியக் கப்பல்கள், புயலால் திசைமாறி அட்லாண்டிக் கடலைக் கடந்து 1866இல் ரியோ துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தன. கப்பலில் இமாமாக இருந்தவர் அப்துர் ரஹ்மான் அல்பக்தாதி. கரையில் இறங்கிய அவருக்கு, அங்கிருந்த கறுப்பின மக்கள் சலாம் கூறினார்கள்! ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம்களும் அவர்கள் வழிவந்தோரும் அவர்கள். முன்னதாக, 1835 ஜனவரியில், ரமளானின் இறுதி நாட்களில், சால்வடார் என்னும் மற்றொரு பிரேசில் கடலோர நகரில் முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு மறைவிலேயே தொழுதும் நோன்பு நோற்றும் வந்த மக்களுக்கு மார்க்கம் கற்றுக்கொடுப்பதற்காக, அந்த இமாம் கப்பலை விட்டு இறங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிரேசிலிலேயே தங்கினார். தம் அனுபவங்களை அரபு மொழியில் நூலாகவும் எழுதிவைத்தார். கைபேசியில் வரும் படம் இதையெல்லாம் காட்டாது.

சரி, ரியோவுக்கு நம்மால் போக இயலாது. மெரினாவுக்குப் போகலாம். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகே ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் வாணியாறு அணையில் தேங்கி, பின்னர் தென்பெண்ணையில் கலந்து, கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. தங்கள் ஊர்த் தண்ணீர் போய்ச் சேர்ந்த கடலைத் தாங்களும் ஒருமுறை பார்ப்பதில் என்ன தவறு? பொம்மிடியிலோ மொரப்பூரிலோ இரயிலேறினால் ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் வழியாகச் சென்னை வந்துவிடலாம்.

தொலைவு 250 கிலோமீட்டருக்கும் அதிகமாதலால் தாங்கள் முஸாஃபிர். நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். மஃரிபும் ஃபஜ்ரும் சுருங்கா. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுமையாகவே தொழவேண்டும். இதைச் சொல்லக் காரணம், சுற்றுலா என்றாலே தொழுகைக்கும் விடுமுறை என்று எண்ணிவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மெரினாவின் மணலிலேயே பாய் விரித்து அஸர் தொழலாம். கடலுக்கு முதுகைக் காட்டி, நகரத்தை நோக்கிச் சற்றே வலப்புறம் சாய்ந்து நின்றால் கிப்லா. கீழ்க்கடற்கரையாதலால் சூரியன் கடலில் மறைவதில்லை, கட்டடங்களுக்குப் பின்னால்தான் மறையும். கடலில் சூரியனைக் காண விரும்பினால் ஃபஜ்ருத் தொழுதுவிட்டு வரவேண்டும்.

மெரினா இவ்வளவு அகன்ற மணற்பரப்பாக ஆதியிலிருந்தே இருந்ததன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வங்கக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டபோது அந்த மணல் தடுக்கப்பட்டுத் தெற்கே குவியலாயிற்று. அக்குவியலே இன்றைய மெரினா. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வந்து சேராமல் கடல் ஊரை அரித்தது. ஒரு பக்கத்து மக்களுக்கு உல்லாசம், மறுபக்கத்து மீனவருக்கு வீடிழப்பு. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவும் பாதை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டார். ரியோவின் கோபகபானாவோ, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிதர்கள் மணலைக் கொண்டுவந்து கொட்டி அகலப்படுத்திய கடற்கரை.

கடற்கரைச் சாலையில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், நம்மவர் வரலாறே அங்கு வரிசையாக நிற்கிறது என்பேன். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக 1768இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையின் வளாகம் ஒரு காலத்தில் கடற்கரை வரை பரந்திருந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் ஆங்கிலேயர் வாரிசுரிமையை ஏற்க மறுத்து, அரண்மனையையும் ஏலத்துக்குக் கொண்டுவந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 2012இல் அதன் ஒரு பகுதி தீக்கிரையாகி, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. வழியே போகும் பேருந்திலிருந்து பார்ப்பவர்கள் அதை ஓர் அரசு அலுவலகம் என்றே எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குள் போனால் வாலாஜா பெரிய பள்ளிவாசல். நவாப் குடும்பத்தார் 1795இல் கருங்கல்லால் எழுப்பியது. அதன் மிஹ்ராபுக்கு மேலே கல்லில் பொறிக்கப்பட்டுள்ள பாரசீக ஆண்டுக்குறிப்புச் செய்யுளை இயற்றியவர், நவாபின் அரசவையிலிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். பள்ளி வளாகத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். 1972 ஏப்ரலில் அவர்கள் மறைந்தபோது கட்சி வேறுபாடின்றித் தமிழகமே துக்கம் அனுசரித்தது. தங்கள் மகனுக்கு இந்த இரண்டு செய்திகளையும் அங்கேயே நின்று சொல்லுங்கள். பெண்கள் தொழ இட வசதியை மட்டும் கணவர் முன்னதாகவே விசாரித்து வைக்கட்டும்.

கலங்கரை விளக்கம் 1977இல் செயல்படத் தொடங்கியது. நெடுங்காலம் மூடியிருந்து 2013இல் பார்வையாளருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. மின்தூக்கி உண்டு. ஏறிப் பார்த்தால் மணலின் அகலம் நன்றாகப் புலப்படும். அதே சாலையில், 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. குளிர்பதனப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நம்பமுடியாத கதையாக இருக்கும்.

இனி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

சகோதரி, கிணற்றில் நீந்தத் தெரிந்த பிள்ளையே கடலில் அதிக ஆபத்துக்குள்ளாகிறான். நீந்தத் தெரியாதவன் கணுக்கால் நனைந்ததும் திரும்பிவிடுவான். தெரிந்தவன் துணிந்து இறங்குவான். கிணற்றுத் தண்ணீர் அசையாது. எந்தப் பக்கம் கை வீசினாலும் நான்கு வீச்சில் ஒரு படிக்கட்டோ கயிறோ அகப்படும். கடல் அப்படியன்று. அலைகள் கொண்டுவந்து கரையில் கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? அது ஒரு குறுகிய தடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்று வெள்ளம்போலக் கடலுக்குள் ஓடும். கரையிலிருந்து பார்த்தால் அந்தத் தடத்தில்தான் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். விவரம் அறியாதவன் 'இங்கே அலை இல்லை' என்று அங்கேதான் இறங்குவான். மெரினாவில் அடிமணல் சட்டென்று ஆழமாகவும் இறங்குகிறது. இதனால்தான் அங்கே குளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. வெளியூரிலிருந்து கூட்டமாக வரும் மாணவர்கள் அவர்களுள் அடிக்கடி இடம்பெறுகிறார்கள்.

கோபகபானாவில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கிறார்களே என்று மகன் கேட்கலாம். அங்கே கரை நெடுகிலும் எண்ணிட்ட காவல் மாடங்களும் பயிற்சி பெற்ற மீட்பர்களும் உண்டு. ஆபத்தான இடத்தில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். அந்தக் கொடியை மீறினால் அங்கும் கடல் இழுத்துக்கொண்டு போகும். நம் பக்கத்தில், சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. தண்ணீரில் நனைந்தே ஆகவேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால், காவலர் கண்காணிப்புள்ள அத்தகைய இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மெரினாவில் கணுக்காலோடு நிறுத்துங்கள். அதுவும் தந்தை கையைப் பிடித்துக்கொண்டு.

ஒருவேளை எவரையேனும் நீர் இழுத்துவிட்டால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தவே கூடாது. அதில்தான் பலம் ஓய்ந்து மூழ்குகிறார்கள். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்தத் தடத்தைவிட்டு விலகிய பின்னரே கரை திரும்ப வேண்டும். இதைத் தங்கள் மகனுக்கு ஊரிலேயே, கிணற்றுமேட்டில் உட்கார்த்தி வைத்து, ஒருமுறைக்கு இருமுறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே போன பிறகு அவன் காதில் எதுவும் ஏறாது.

தாய்மாருக்குத் தனியாக ஒன்று. பிள்ளை தவித்தால் தாய் சும்மா நிற்க மாட்டாள், ஓடி இறங்கிவிடுவாள். நனைந்த சேலையும் புர்காவும் காலைச் சுற்றிக் கனக்கும். ஒரு ஜனாஸாவுக்குப் பதில் இரண்டாகும். கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். இறங்காமல் கூக்குரலிடுங்கள். படகோரம் நிற்கும் மீனவர்களை அழையுங்கள். கையிலிருக்கும் காலித் தண்ணீர்க் கேனை மூடி, அவனை நோக்கி வீசுங்கள். 112க்குத் தொலைபேசி செய்யச் சொல்லுங்கள். கடல் நீர் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கக் கண்டால் வேடிக்கை பார்க்காமல் குடும்பத்தோடு சாலையைத் தாண்டி ஓடுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை மெரினாவில் உலவப் போனவர்களுக்கு இதைச் சொல்ல யாருமில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பமாகக் கடற்கரை சென்றால் செருப்புக்கும் சோற்றுத் தூக்குக்கும் காவலாக மணலில் உட்கார வைக்கப்படுபவள் வீட்டுப் பெண்தான். அவள் கடலைத் தொலைவிலேயே பார்த்துவிட்டு ஊர் திரும்புவாள். இம்முறை தாங்கள் அரைமணி நேரம் செருப்புக்குக் காவல் இருங்கள், சகோதரரே. மனைவியும் தாயும் தண்ணீர் தொட்டு வரட்டும்.

மாமியாருக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க முடியாது, ஆகையால் அவரை விட்டுவிட்டுப் போகலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அழைத்துச் செல்லுங்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் கடல் அருகே செல்வதற்காக மணல்மீது மரப்பாதை அமைத்து 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சீர்செய்தார்கள். சக்கர நாற்காலியே செல்லும் பாதை அது. வெயில் தாழ்ந்தபின், அஸருக்குப் பிறகு, கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போய், பாதை முடியும் இடத்தில் ஒரு நாற்காலியோ பெட்டியோ போட்டு உட்கார வையுங்கள். முதன்முதலாகக் கடலைக் கண்டதும் அவர் என்ன சொன்னார் என்பதை, ஊர் திரும்பியதும் மறவாமல் எனக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், இதே பகுதியில் வெளியிடுகிறேன்.