படகை இழுக்க எஸ்யூவி தேவையா, டிராக்டர் போதுமா? - மரக்காணம் கடற்கரை சொல்லும் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படி ஒரு எச்சரிக்கை வந்தாலே கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரையிலான மீனவ கிராமங்களில் முதல் வேலை ஒன்றுதான்: படகை மேட்டுக்கு ஏற்றுவது. ஒரு ஃபைபர் படகு உடைந்தால் படகோடு சேர்த்து இன்ஜின், வலை, பல மாத வருமானம் எல்லாம் போச்சு.

ஆனால், எதை வைத்து இழுப்பது? ஈசிஆரில் வார இறுதிக்கு எஸ்யூவியில் வருபவர்களைக் கேட்டால், ‘இதுல 150 குதிரைத்திறன் இருக்கே, இழுத்துடலாம்’ என்பார்கள். இங்கேதான் கணக்கு தப்புகிறது.

சாலை வேறு, மணல் வேறு

படகு 1,500 கிலோ, டிரெய்லர் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 கிலோ. தார்ச்சாலையில் இதை உருட்ட, எடையில் சுமார் 2 சதவீத விசை போதும். அதாவது 40 கிலோ. புதையும் மணலில் அதே டிரெய்லருக்கு 20 சதவீதம் வரை, அதாவது 400 கிலோ தேவைப்படலாம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவு என்றால் இன்னும் 200 கிலோ சேரும். டிரெய்லரே இல்லாமல் படகின் அடி மணலில் உரச இழுத்தால், படகு எடையில் ஏறக்குறைய பாதி விசை கேட்கும். மணலின் ஈரத்தைப் பொறுத்து இதெல்லாம் மாறும் என்றாலும், வித்தியாசம் சுமார் பத்து மடங்கு என்பது மாறாது.

இன்ஜினுக்கு இந்த விசை பெரிய விஷயமே இல்லை. டயருக்குத்தான் சிக்கல். மணலில் பிடிப்பு கிடைக்காமல் சக்கரம் சுற்றும், சுற்றச் சுற்றக் குழி தோண்டும். கடைசியில் படகோடு காரையும் சேர்த்து இழுக்க வேறு வண்டி தேட வேண்டும்.

டிராக்டர் ஏன் ஜெயிக்கிறது? 45 குதிரைத்திறன்தான். ஆனால் பின்சக்கரம் உயரமானது, அகலமானது, மண்ணைக் கவ்வும் கட்டைகள் கொண்டது. எடையின் பெரும்பகுதி அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்கிறது. முதல் கியரில் நடை வேகத்துக்கும் குறைவாக, சீராக இழுக்கும். கரையேற்றும் வேலைக்கு இதுதான் வேண்டும்.

மழைநீரும் எடைதான்

பலரும் மறக்கும் விஷயம் இது. 8 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலப் படகில் 10 செ.மீ. மழைநீர் தேங்கினால் 1,200 கிலோ. அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் பாதி என்று எடுத்தாலும் 600 கிலோ கூடுதல் சுமை! முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். வலையையும் இன்ஜினையும் இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கயிறு. இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. நைலான் கயிறு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும்.

சரி, அப்போ எஸ்யூவி எதற்கு?

தார்ச்சாலையில் சிறிய படகை டிரெய்லரில் கொண்டுபோக அது பயன்படும். வாங்கும் முன் குதிரைத்திறனைப் பார்ப்பதைவிட, கையேட்டில் இழுவைத் திறன் எத்தனை கிலோ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணே இல்லையென்றால், இழுக்க வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இழுப்பதைவிட நிறுத்துவது கஷ்டம். ஐரோப்பிய நாடுகளில் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்ச வரம்பு. எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வண்டியின் கொக்கி மேல் இறங்க வேண்டும். இன்ஜின் பக்கம் கனம் கூடினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

தூரம் அதிகமென்றால் இழுப்பதைவிட ஏற்றுவதே நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக் குடியிருப்புகளுக்கு மீனவர்களின் படகுகள் லாரியில் ஏறித்தான் போயின.

தேவை வண்டியா, ஏற்பாடா?

மரக்காணம் கரையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. குப்பங்களில் படகு இருக்கிறது. கொஞ்சம் உள்ளே தள்ளி, இரும்பை போன்ற வானூர் வட்டார வயல் ஊர்களில் டிராக்டர் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஏற்பாட்டைத்தான் வலுவாக்க வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு ஆளாளுக்கு போன் போட்டு டிராக்டர் தேடினால், வாடகை ஏறும், நேரம் போகும். விவசாயப் பயன்பாட்டுக்கு எனப் பதிவான டிராக்டர் கடற்கரையில் கவிழ்ந்தால், காப்பீடு கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். உரிமையாளர் தயங்குவது நியாயம்தானே.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஊராட்சி வாரியாக டிராக்டர் பட்டியல் தயாராக வேண்டும். வாடகையையும், சேதமானால் இழப்பீட்டையும் மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குப்பத்துக்கு ஒரு விஞ்ச்சும் கான்கிரீட் சாய்தளமும் இருந்தால் இன்னும் நல்லது. விஞ்ச்சில் நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தாலே தேவையான விசை ஏறக்குறைய பாதியாகும். புதையும் மணல் இல்லாத சாய்தளத்தில் சின்ன டிராக்டரே தாராளம்.

புயல் கரையைக் கடந்த பிறகு உடைந்த படகுகளை எண்ணி நிவாரணம் கொடுக்கும் அரசு, அதற்கு முந்தைய நாள் டிராக்டர் வாடகையைக் கொடுக்கலாம். செலவு குறையும். படகும் மிஞ்சும்.