காஞ்சிபுரத்துப் பெண்ணின் வெள்ளிப் பதக்கம்

காஞ்சிபுரம் என்றாலே பட்டும் கோயிலும்தான் ஞாபகம் வரும். இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே: துளசிமதி முருகேசன். எங்கள் உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், அந்த ஊர்ப் பெண்!

2002-ல் பிறந்த துளசிமதிக்கு இடது கையில் பிறவிக் குறை. ஷட்டில் சொல்லிக் கொடுத்தது அப்பா முருகேசன்தான். "ஒரு கையை வெச்சுக்கிட்டு என்ன விளையாட்டு?" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். எம்பி அடிக்கும்போது உடம்பு சாயாமல் நிதானம் கொடுப்பது பேட் பிடிக்காத அந்தக் கைதான். அது சரியில்லை என்றால் காலும் இடுப்பும் சேர்த்து உழைத்தாகணும்.

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றுமே வாங்கினார். அடுத்த வருஷம் பாரிஸ் பாராலிம்பிக். அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? நம்ம திருவள்ளூர் மனிஷா ராமதாஸ்! 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்தார். செப்டம்பர் 2-ந் தேதி இறுதி ஆட்டத்தில் சீனப் பெண்ணிடம் தோற்று வெள்ளி. மனிஷாவுக்கு வெண்கலம். இத்தனைக்கும் நடுவில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பு வேறு! 2024-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் துளசிமதிக்குக் கிடைத்தது.

மனிஷாவின் வலது கை பாதிக்கப்பட்டது பிறக்கும்போது. தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால், கழுத்துப் பக்கத்து நரம்பு இழுபட்டு கை துவண்டு போவதுண்டு. பச்சைக் குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் இருந்தால், "போகப் போக சரியாயிடும்" என்று விடாதீர்கள். எண்ணெய் போட்டு உருவி இழுக்கவும் வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நிறையக் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே குணமாகிவிடும். மற்றவர்களுக்குப் பயிற்சியோ, ஆபரேஷனோ தேவைப்படலாம்.

நம்ம கிராமங்களில் கை கால் குறையுள்ள பெண்ணைக் கல்யாணம் காட்சிக்குக் கூட அழைத்துப் போகாத வீடுகள் இன்னமும் இருக்கு. "இவளை யார் கட்டிப்பாங்க?" என்ற கவலையிலேயே படிப்பும் நின்றுபோகிறது. அந்தப் பெண்ணுக்குக் கையில் இருக்கும் குறையைவிட இதுதான் பெரிய குறை.

எல்லாப் பெண்களும் பாரிஸ் போகணும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகட்டும், தெருவில் நாலு பேரோடு ஓடி ஆடட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு அடையாள அட்டை வாங்கி வையுங்கள். சலுகைகளுக்கெல்லாம் அதைத்தான் கேட்பார்கள். மிச்சத்தை அவளே பார்த்துப்பா!