கைராசி மட்டும் போதுமா?

எங்க திருநெல்வேலிப் பக்கம் டாக்டருக்குக் குடுக்கிற பெரிய பட்டம் எம்.எஸ்.ஸும் இல்ல, எம்.டி.யும் இல்ல... 'கைராசிக்காரர்'ங்கிறதுதான். அம்பாசமுத்திரத்துல இருந்தும் ஸ்ரீவைகுண்டத்துல இருந்தும் பஸ் ஏறி வர்ற சனம் அதை நம்பித்தான் வருது. தப்புன்னு சொல்லல. ஆனா யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு: இந்த ஆபரேஷனை இந்த ஆஸ்பத்திரியில செய்ய இவருக்கு அனுமதி குடுத்தது யாரு?

இதுல ரெண்டு படி இருக்கு. முதலாவது கிரெடென்ஷியலிங். டாக்டர் நீட்டுற சான்றிதழை அப்படியே ஃபைல்ல போடாம, படிச்ச காலேஜ், பதிவு செஞ்ச மருத்துவக் கவுன்சில், முன்னாடி வேலை பார்த்த இடம்னு நேரா கேட்டுச் சரிபாக்கிறது. ரெண்டாவது பிரிவிலேஜிங். சர்ஜன்தான், சரி, லேப்ராஸ்கோப்பியில பித்தப்பை எடுக்கப் பயிற்சி இருக்கா, எத்தனை செஞ்சிருக்கார்னு பாத்து, ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியா எழுதிக் குடுக்கிற அனுமதி.

முதல் படி சறுக்கினா என்ன ஆகும்? 2025-ல மத்தியப் பிரதேசம் தமோவில, போலிச் சான்றிதழோட இதய சிகிச்சை செஞ்சதா ஒருத்தர் கைதானார். ரெண்டாவது சறுக்கினா? திருச்சி பக்கம் மணப்பாறையில 2007-ல நடந்ததைப் பாருங்க. டாக்டர் தம்பதி, சொந்த ஆஸ்பத்திரி. ஆனா வீடியோவுல சிசேரியன் செஞ்சது அவங்களோட 15 வயசுப் பையன்! அதை டாக்டர்கள் கூட்டத்துல பெருமையாப் போட்டுக் காட்டினப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு, பெத்தவங்க கைதானாங்க. தியேட்டருக்குள்ள யார் கத்தி பிடிக்கலாம்னு முடிவு பண்ண முதலாளியைத் தவிர வேற ஆளில்லைன்னா இதுதான் கதி.

என்.ஏ.பி.ஹெச். அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரி இந்த ரெண்டையும் செஞ்சாகணும். ஆனா அந்த அங்கீகாரம் எல்லாருக்கும் கட்டாயமில்ல. தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997-லயே வந்தாச்சு. அதுல ஆஸ்பத்திரியைப் பதிவு பண்ணணும். பதிவான கட்டடம் வேற, உள்ள கத்தி பிடிக்கிற கை வேற இல்லையா?

சின்ன ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாதும்பாங்க. ஏன் ஆகாது? ஹைகிரவுண்ட்ல மெடிக்கல் காலேஜ் 1965-ல இருந்து இருக்கு. அங்க ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருத்தரை வெளியாளா உக்கார வச்சு, மூணு பேர் குழு போட்டா போதும். சனிக்கிழமை வெளியூர்ல இருந்து வந்து, ஆபரேஷன் முடிச்சு ராத்திரியே ரயிலேறுற டாக்டருக்கு இது இன்னும் அவசியம். அந்தப் பட்டியலை வரவேற்பறையில ஒட்டவும் செய்யணும்.

அதுவரைக்கும் மக்களே, ஒப்புதல் ஃபாரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, "யாரு செய்யப்போறா? இதை இங்க செய்ய அவருக்கு அனுமதி இருக்கா?"ன்னு கேளுங்க. அதுக்குக் கோவப்படுற ஆஸ்பத்திரின்னா, கொஞ்சம் யோசிங்க.